இலைச் சீட்டில் வந்த எச்சரிக்கை

எடை மேடை ஜன்னலில் சீட்டை நீட்டியபடி அந்தப் பாட்டி கேட்டார்: "தம்பி, என் இலையில என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க?"

வாங்கிப் பார்த்தேன். தேதி இருக்க வேண்டிய இடத்தில் நான்கு வரி ஆங்கிலம். பள்ளிக்கூடம் போகும் பேத்தி அதில் ஒரு துண்டை மட்டும் படித்துப் பொருள் சொல்லியிருக்கிறாள்: 'பாதுகாப்பானது இல்லை.' மழையில் நனைந்து 38 கிலோ கொழுந்து பறித்துக் கொடுத்தவருக்கு வேறென்ன தோன்றும்? முற்றல் இலை என்று கழித்துவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டார்.

"உங்க இலை நல்லா இருக்கு பாட்டி. இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் எந்த ஊர்ல இருக்கோம்னு தெரியல" என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த நான்கு வரியையும் பேனாவால் அடித்து, தேதியைக் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிறகுதான் நகர்ந்தார்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அது. சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கித் தூளாக்குகிறார்கள். எடைக் கணக்கு, சீட்டு, மாதப் பட்டுவாடா எல்லாமே எனக்கு முன்னால் யாரோ பிஎச்பி என்ற வலைப்பக்க நிரல் மொழியில் எழுதிவைத்த ஒரு சின்ன நிரலில் ஓடிக்கொண்டிருந்தன. எழுதியவர் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்டார். பராமரிப்பு என் தலையில் விழுந்தது. இடி விழுந்து ஹார்ட் டிஸ்க் போனதும் புது டிஸ்க் போட்டு, பிஎச்பி 5.2 இருந்த இடத்தில் 5.3 ஏற்றினேன். நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. மறுநாள் காலை சீட்டுக்கு நான்கு வரி எச்சரிக்கை.

அது சொன்னது இவ்வளவுதான்: கணினியின் நேர மண்டலத்தை நம்பி ஓட்டுவது பாதுகாப்பல்ல, எந்த மண்டலம் என்று நீயே அமைப்பில் சொல்லிவிடு, இப்போதைக்கு ஏசியா/கல்கத்தா, அதாவது இந்திய நேரம், என்று நாங்களாக எடுத்துக்கொண்டோம். பிஎச்பி 5.1 முதலே இந்தப் புகார் உண்டு. ஆனால் அது 'ஸ்ட்ரிக்ட்' என்ற வகையில் இருந்ததால் வழக்கமான அமைப்பில் யார் கண்ணிலும் படாது. 2009 ஜூனில் வந்த 5.3 அதையே 'வார்னிங்' ஆக்கியது. அதுவரை முணுமுணுத்தது கத்த ஆரம்பித்தது, அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் செய்த முதல் தவறு, கடைசி எச்சரிக்கையைத் துரத்தியது. உள்நுழையும் பக்கமும் வேலை செய்யவில்லை. 'ஹெட்டர்கள் (பக்கத்துக்கு முன்னால் உலாவிக்குப் போக வேண்டிய குறிப்புகள்) ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்று ஒரு புகார். ஒரு மணி நேரம் குக்கீ, செஷன் என்று குடைந்தேன். தேதி எச்சரிக்கை பக்கத்தின் தலையிலேயே அச்சாகிவிட்டதால் அதற்குப் பிறகு ஹெட்டர் அனுப்ப முடியவில்லை என்பது பின்னால்தான் உறைத்தது. திரையில் பத்து எச்சரிக்கை வந்தால் மேலே இருப்பதை முதலில் படியுங்கள். பாதி நேரம் மற்ற ஒன்பதும் அதன் பிள்ளைகள்தான்.

இரண்டாவது தவறு பெரியது. எச்சரிக்கையைத் திரையில் காட்டும் அமைப்பை அணைத்தேன். வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் அணைத்துவைப்பது சரிதான். ஆனால் பதிவுக் கோப்பில் எழுதுவதையும் சேர்த்து அணைத்துவிட்டேன். சீட்டுக்கு ஒரு வரி வீதம் கோப்பு ஊதிக்கொண்டே போனதே என்ற எரிச்சல். கல்கத்தா என்ற ஊகம் சரியாக இருந்ததால் தேதியும் சரியாகவே வந்தது. வேலை முடிந்தது என்று ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சில வருடம் கழித்து எல்லாவற்றையும் ஒரு லினக்ஸ் இயந்திரத்துக்கு மாற்றி, பிஎச்பி 7 போட்டேன். இடையில் நடந்த இரண்டு மாற்றங்களை நான் கவனிக்கவில்லை. 5.4 முதல் பிஎச்பி ஊகிப்பதை நிறுத்திவிட்டது. நாம் மண்டலம் சொல்லாவிட்டால் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம், என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கும். 7.0 அந்த எச்சரிக்கையையும் எடுத்துவிட்டது. யுடிசி என்பது மட்டும் நின்றது. ஆக, எச்சரிக்கை வந்த காலத்தில் தேதி சரியாக இருந்தது. எச்சரிக்கை நின்ற காலத்தில் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய்விட்டது. சீட்டில் தேதி மட்டும்தான், மணி கிடையாது. இலை வருவது பெரும்பாலும் மதியத்திலிருந்து இரவு பத்துக்குள். அந்த நேரத்தில் ஐந்தரை மணி பின்னால் போனாலும் தேதி மாறாது. அதனால் யாருக்கும் தெரியவில்லை.

தெரியவைத்தது சோலூர்மட்டம் பக்கத்து இலை ஏஜென்ட். அக்டோபர் 31 மாலை, நல்ல மழை. வழியில் மரம் விழுந்து லாரி மாட்டிக்கொண்டது. வெட்டி நகர்த்தி ஆலை கேட்டுக்குள் வரும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: நீலகிரிக்கான பசுந்தேயிலை சராசரி விலையைத் தேயிலை வாரியம் மாதம்தோறும் அறிவிக்கும், ஆலைகள் அதை வைத்துப் பட்டுவாடா செய்யும். அதனால் இலை எந்த மாதக் கணக்கில் ஏறுகிறது என்பது பணம். நவம்பர் விலை கொஞ்சம் கூடுதலாக வந்தது. ஏஜென்ட் சீட்டுகளை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒண்ணாந்தேதி வந்த இலைக்கு முப்பத்தொண்ணு போட்டிருக்கீங்க. அந்த நேரத்துல நாங்க லாரிக்கடியில நனைஞ்சுகிட்டு இருந்தோம் சார்."

வாட்ச்மேனின் கேட் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னேன். லாரி உள்ளே வந்தது 1:50. என் நிரலின் பதிவில் முதல் மூட்டை எடை போட்டது அக்டோபர் 31, 20:15. வித்தியாசம் ஐந்து மணி முப்பத்தைந்து நிமிடம். ஐந்தரை என்றிருந்தால் உடனே பிடித்திருப்பேன். அந்த ஐந்து நிமிடம் என்னைக் குழப்பிவிட்டது. கணினிக் கடிகாரம் ஓடுகிறதா, பயாஸ் பேட்டரி போய்விட்டதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

அப்புறம்தான் அட்டவணையில் இன்னொரு பத்தி (நெடுவரிசை) இருப்பது நினைவுக்கு வந்தது. பதிவு ஏறும்போது மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம் தானாக நிரப்பும் நேரம் அது. அதில் நவம்பர் 1, 1:45. ஒரே வரியில், ஒரே மூட்டைக்கு, பிஎச்பி எழுதியது 20:15, தரவுத்தளம் எழுதியது 1:45. அச்சு அசலாக 19,800 விநாடி. மைஎஸ்க்யூஎல் இயந்திரத்தின் நேர மண்டலத்தைப் பின்பற்றுகிறது, பிஎச்பி தன் போக்கில் யுடிசியில் ஓடுகிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆனால் இந்தக் கணக்குப்படி லாரி கேட்டுக்குள் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்பே எடை போடப்பட்டிருக்கிறது! வாட்ச்மேன் அறைக்குப் போய்ப் பார்த்தேன். சுவர்க் கடிகாரம் பத்து நிமிடம் வேகம். "பஸ்ஸை விட்ரக் கூடாதுன்னு நாந்தான் வெச்சேன்" என்றார்.

திருத்தம் சின்னது. பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் ஐஎன்ஐ கோப்பில் டேட்.டைம்சோன் என்ற வரியை முடக்கிவைத்திருந்த, அதன் தலையிலுள்ள அரைப்புள்ளியை எடுத்துவிட்டு ஏசியா/கொல்கத்தா என்று எழுதி, வலைச் சேவையகமான அப்பாச்சியை மறுபடி தொடங்கினேன். வலைப்பக்கங்கள் சரியாகின. இரவு அறிக்கை மட்டும் திருந்தவில்லை. அது குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக, கட்டளை வரியில் ஓடுவது. அந்த பிஎச்பிக்கு ஐஎன்ஐ கோப்பே வேறு. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகையறாவில் இப்படித்தான் தனித்தனியாக இருக்கும். 'ஐஎன்ஐயை மாத்திட்டேன், ஆனா மாறல' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்த ஐஎன்ஐ என்பதுதான். பிஎச்பியிடமே கேட்டால் எந்தக் கோப்பைப் படிக்கிறது என்று முழுப் பாதையோடு சொல்லிவிடும். கடைசியில், எல்லாக் கோப்புகளும் சேர்த்துக்கொள்ளும் பொதுக் கோப்பின் முதல் வரியிலேயே மண்டலத்தை அமைக்கும் செயற்கூற்றையும் (ஃபங்ஷன்) போட்டுவிட்டேன். நாளைக்கு வேறு இயந்திரத்துக்குப் போனாலும் நிரலோடு சேர்ந்து போகும்.

மண்டலப் பெயரில் நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஏசியா/சென்னை என்று ஒன்று கிடையாது. போட்டுப் பார்த்த புண்ணியவான்களில் நானும் ஒருவன். கொல்கத்தாவுக்கு ஒரு 'டி' கூட்டிப் போட்டாலும் செல்லாது; மண்டலம் தவறு என்று ஒரு சின்னக் குறிப்பு வரும், பழைய மண்டலமே தொடரும். பழைய கல்கத்தா என்ற பெயர் இன்றும் வேலை செய்கிறது; புதியதற்கு மாற்றுப்பெயராக வைத்திருக்கிறார்கள். ஐஎஸ்டி என்று சுருக்கி எழுதுவது ஆபத்து. இஸ்ரேலும் அயர்லாந்தும்கூட அதே மூன்றெழுத்தை வைத்திருக்கின்றன. மதராசுக்கென்று தனி நேரம் இருந்த காலமும் உண்டு. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 விநாடி முன்னால். 1906-இல் இந்தியாவுக்குப் பொதுவாக ஐந்தரை வந்தது. தப்பித்தோம், ஒன்பது நிமிடக் கணக்கில் பட்டுவாடாச் சண்டை வந்திருந்தால் யார் தீர்ப்பது?

பழைய பதிவுகளைத் திருத்தும்போது ஒரு கூத்து நடந்தது. இயந்திரம் மாற்றிய நாளிலிருந்து திருத்திய நிமிடம் வரை, பிஎச்பி எழுதிய பத்திக்கு மட்டும் ஐந்தரை மணி கூட்ட வேண்டும். காப்பு எடுத்தேன். கட்டளையை ஓட்டினேன். திரை உறைந்ததுபோல் இருந்தது. பதற்றத்தில் மறுபடி ஓட்டினேன். இரண்டுமே ஓடிவிட்டன! பதினொரு மணி நேரம் கூடிவிட்டது. காப்பு இருந்ததால் உயிர் தப்பியது. இரண்டாவது முறை கூட்டுவதை விட்டுவிட்டு, தரவுத்தளம் நிரப்பிய பத்தியிலிருந்தே நேரத்தை எடுத்து வைத்தேன். அதை எத்தனை முறை ஓட்டினாலும் விடை மாறாது. நேரத்தைத் திருத்தும் எந்தக் கட்டளையையும் இப்படி எழுத முடியுமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிடுவது நல்லது.

ஏஜென்டுக்கு நவம்பர் விலை கிடைத்தது. முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை, தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் அண்ணன் போன் செய்தார்.

"என்னப்பா பண்ணி வெச்சிருக்க? ஞாயித்துக்கிழமை இலையே வாங்கல. 900 கிலோ தூள் போட்டதா காட்டுது. திங்கட்கிழமை அவுட்டர்ன் ஒம்போதாம். முதலாளி என்னைக் கேக்கறாரு."

அவுட்டர்ன் என்றால் நூறு கிலோ இலைக்கு எத்தனை கிலோ தூள் என்பது. சாதாரணமாக இருபத்து மூன்று, இருபத்து நான்கு வரும். ஒன்பது என்றால் மேக்கரின் வேலைக்கே உலை வைக்கும் எண். அந்த உற்பத்திப் பக்கத்தை நான் லினக்ஸுக்கு மாறிய பிறகுதான் சேர்த்தேன். இத்தனை நாள் அது மேக்கரின் கை நோட்டோடு கிலோ பிசகாமல் ஒத்துப்போனது. இப்போது நேரத்தைச் சரிசெய்த பிறகு தப்பாகக் காட்டுகிறது.

காரணம் புரிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த ஆலையில் மாலை வரும் இலை விதரிங் ட்ரஃபில் (இலையை வாட்டும் தொட்டி) வாடி, நடுராத்திரிக்கு மேல்தான் அதை நசுக்கி நறுக்கும் சிடிசி ரோலருக்குப் போகும். டிரையர் நிற்க விடிந்துவிடும். சனிக்கிழமை இலையின் பெரும்பகுதி ஞாயிறு விடிகாலையில்தான் தூளாகிறது. மேக்கர் நோட்டில் அது சனிக்கிழமைக் கணக்கு. யுடிசியில் ஓடியபோது என் நிரலுக்கு நாள் பிறந்ததே காலை ஐந்தரைக்கு. அதனால் ராத்திரி ஷிஃப்ட் முழுவதும் முந்தைய நாளிலேயே விழுந்திருக்கிறது. தப்பு என்று நான் திருத்தியது, அவருக்கு மட்டும் சரியாக இருந்திருக்கிறது.

யுடிசிக்கே திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது உண்மை. உற்பத்திப் பக்கத்துக்கு மட்டும் மண்டலத்தை மாற்றிவைத்தால் ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை. அடுத்து யார் இந்த நிரலைத் திறந்தாலும் அந்த ஒரு வரியைப் பார்த்துப் 'பிழை' என்று திருத்திவிடுவார். மேக்கர் மறுபடி போன் செய்வார். காலண்டர் நாள் வேறு, உற்பத்தி நாள் வேறு. இரண்டுக்கும் இரண்டு பத்தி வேண்டும். மேக்கரிடமே கேட்டேன்: "அண்ணா, உங்க கணக்குல நாள் எப்ப முடியும்?" அவர் யோசிக்காமல் சொன்னார்: "காலைல எட்டு. சீசன்ல டிரையர் ஏழு வரைக்கும் ஓடும்." உற்பத்தி நேரத்திலிருந்து எட்டு மணி நேரத்தைக் கழித்து, வரும் தேதியை 'உற்பத்தி நாள்' என்று தனியாக எழுதிவைத்தேன். ஐந்தரை மணி எல்லையில் அதுவரை நாங்கள் தப்பித்ததுகூட சீசன் இல்லாததால்தான் போலிருக்கிறது.

இந்தக் கலவரத்துக்குப் பிறகு தேதிக் கோளாறு என்று யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது எண்ணைத்தான். ஐந்தரை மணி பின்னால் என்றால் யுடிசி. குளிர்காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை என்றால் எக்ஸாம்ப் (பிஎச்பி, அப்பாச்சி எல்லாம் சேர்ந்து வரும் தொகுப்பு) போட்டிருக்கிறார்கள். அதன் ஐஎன்ஐ ஐரோப்பா/பெர்லின் என்றே வரும், அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளிவைப்பார்கள். 1970 ஜனவரி 1 என்று வந்தால் மண்டலத்தைத் தொடவே வேண்டாம். கணினி விநாடிகளை எண்ணத் தொடங்கும் நாள் அது; எங்கோ காலியான தேதி, அல்லது படிக்க முடியாத தேதி, பூஜ்ஜியமாகிவிட்டது. கூடவே காலை 5:30 என்றும் இருந்தால் சந்தோஷப்படுங்கள், மண்டலமாவது சரியாக இருக்கிறது.

படிக்க முடியாத தேதி பெரும்பாலும் சாய்கோட்டால் வருவது. 05/03 என்று நாம் மார்ச் 5-ஐ எழுதினால் ஸ்ட்ரிங்கை நேரமாக்கும் செயற்கூறு அதை அமெரிக்க வழக்கப்படி மே 3 என்று படிக்கும். சிறுகோடு போட்டு 05-03 என்று ஆண்டோடு எழுதினால் மார்ச் 5 என்றே படிக்கும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளில், நாளும் மாதமும் ஒரே எண்ணாக வரும் நாள் தவிர, சத்தமில்லாமல் தப்பு நடக்கும்; பதின்மூன்றாம் தேதி வந்ததும் 1970 முளைக்கும். ஒரு கடைக்காரர் 'மாசத்துல பாதி நாள் நல்லாத்தான் ஓடுது' என்று என்னிடம் சத்தியம் செய்தார். நல்லாய் ஓடியது என்று அவர் சொன்ன அந்தப் பாதிதான் உண்மையில் நாசமாகியிருந்தது. 1970 வந்த பாதியையாவது கண்ணால் பார்த்துத் திருத்த முடிந்தது.

மாதக் கடைசிக்கென்று ஒரு பூதம் உண்டு. மார்ச் 31 அன்று 'ஒரு மாதம் கழி' என்று கேட்டால் பிப்ரவரி 31 என்று கணக்கிட்டு, அப்படி ஒரு நாள் இல்லாததால் மார்ச் 3-க்கு (லீப் ஆண்டில் மார்ச் 2-க்கு) வந்து நிற்கும். 'போன மாத அறிக்கை' என்று நடப்பு மாதத்தையே அச்சடித்துக் கொடுக்கும். 'போன மாதத்தின் முதல் நாள்' என்று கேட்பதுதான் வழி. ஆண்டு முடிவுக் கணக்கு மார்ச் 31 அன்றுதானே எடுக்கிறோம், அதனால் இது நம் ஊரில் சரியாக மாட்டும்.

பிறந்த தேதியை விநாடி எண்ணாகச் சேமிக்காதீர்கள் என்பதை ஒரு பெரியவர் மூலம் கற்றேன். அவர் பிறந்தது 1944. திரையில் ஒரு நாள் முன்னால் வந்தது. போர்க்காலத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரை, இந்தியக் கடிகாரம் ஒரு மணி முன்னால் தள்ளி ஆறரையில் ஓடியிருக்கிறது. மண்டலப் பட்டியலுக்கு அது தெரியும். பழைய நிரலாளர் ஒரு மூலையில் கையால் கூட்டிய 19,800-க்குத் தெரியாது. பிறந்த தேதியை வெறும் தேதியாகவே வைத்தால் இந்த வம்பே இல்லை.

போன முறை பிஎச்பி 8.1-க்கு ஏற்றியபோது பதிவுக் கோப்பைத் திறந்தே வைத்திருந்தேன். மாதப் பெயரைத் தமிழில் அச்சடிக்கப் பயன்படுத்திய எஸ்டிஆர்எஃப்டைம் என்ற செயற்கூறு கைவிடப்படுகிறது என்று முதல் சீட்டிலேயே ஒரு வரி வந்தது. பன்னிரண்டு மாதப் பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி அன்று மாலையே மாற்றிவிட்டேன். சீட்டு எதிலும் ஆங்கிலம் அச்சாகவில்லை. இப்போது சீட்டில் தேதியோடு மணியும் வருகிறது. வாட்ச்மேன் அதைக் கையில் வாங்கி, தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உன் கம்ப்யூட்டர் பத்து நிமிஷம் ஸ்லோப்பா" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.